செயின்ட் லூசியாவில் எட்டுப் பரப்புக் காணி: முற்பணம் அனுப்பலாமா?

கேள்வி: எனக்கு 58 வயது, கணவருக்கு 63. 1991இல் யாழ்ப்பாணத்திலிருந்து கனடா வந்தோம். பிள்ளைகள் இருவரும் தங்கள் காலில் நிற்கிறார்கள். இந்த மாசியில் கரிபியன் தீவான செயின்ட் லூசியாவுக்கு விடுமுறையில் போயிருந்தோம். ஈரப்பலா, முருங்கை, தென்னை, மழை வாசம் எல்லாம் ஊர் மாதிரியே இருந்தது. சூஃப்ரியர் என்ற ஊருக்குத் தெற்கே மலைச்சரிவில் அரை ஏக்கர், எங்கள் கணக்கில் எட்டுப் பரப்பு, காணி ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. 65,000 அமெரிக்க டொலர் கேட்கிறார்கள். விற்பவர் தன் பாட்டனாரின் காணி என்கிறார். கனடாக்காரர் தடையில்லாமல் வாங்கலாம், கடற்கரை வரை நிலம் உங்களுடையது, பிறகு அந்த நாட்டுப் பாஸ்போர்ட்டும் எடுக்கலாம் என்று தரகர் சொல்கிறார். மாத முடிவுக்குள் பத்து வீதம் முற்பணம் அனுப்பச் சொல்கிறார். அங்கே வீடு கட்டி, குளிர்காலத்தில் நாங்கள் இருந்து, மற்ற மாதங்களில் உல்லாசப் பயணிகளுக்கு வாடகைக்கு விட நினைக்கிறோம். நான் தாதியாக வேலை செய்தவள், கணவருக்கு இருதயத்தில் ஸ்டென்ற் வைத்திருக்கிறது. ஸ்காபரோ வீட்டின் பேரில் கடன் எடுத்து வாங்கலாமா? பதிவேட்டுப் பிரதியும் காணியின் படங்களும் இணைத்திருக்கிறேன்.

பதில்:

அன்புள்ள சகோதரி,

முற்பணத்தை அனுப்பாதீர்கள். மாத முடிவுக்குள் அனுப்பாதீர்கள் என்று மட்டும் சொல்லவில்லை. நான் கீழே எழுதும் ஒரு விஷயம் தீரும்வரை ஒரு டொலர்கூட அனுப்ப வேண்டாம். மற்றதையெல்லாம் ஆறுதலாகப் பேசலாம்.

நீங்கள் அனுப்பிய பதிவேட்டுப் பிரதியில் சொந்தக்காரர் பெயர் எழுதும் இடத்தைத் திரும்பப் பாருங்கள். அங்கே விற்பவரின் பெயர் இல்லை. காலமான ஒருவரின் பெயருக்கு முன்னால் ‘ஹெயர்ஸ் ஒஃப்’ என்று இருக்கிறது. இன்னாரின் வாரிசுகள் என்று அர்த்தம். தரகர் அதைப் பற்றி உங்களிடம் ஒன்றும் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். இந்த இரண்டு சொற்கள்தான் உங்கள் கேள்விக்கான பதிலில் முக்கால்வாசி.

செயின்ட் லூசியாவில் இதைக் குடும்பக் காணி என்பார்கள். ஒருவர் காணியை விட்டுவிட்டு இறந்துபோகிறார். பிள்ளைகள் அதைப் பிரிப்பதில்லை. பிறகு பேரப்பிள்ளைகள், அவர்களின் பிள்ளைகள். ஒவ்வொருவருக்கும் காணி முழுவதிலும் ஒரு பங்கு உண்டு. ஆனால் இந்த மூலை என்னுடையது என்று காட்ட ஒருவராலும் முடியாது. சிலர் தலைநகர் காஸ்ட்ரீஸில் இருப்பார்கள், சிலர் பக்கத்துத் தீவான மார்டினிக்கில், சிலர் லண்டனில், சிலர் உங்கள் தெருவிலேயேகூட இருக்கலாம். 1980களின் நடுப்பகுதியில் அந்த நாட்டு அரசு தீவு முழுவதையும் அளந்து, ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் இலக்கம் கொடுத்து, யாருடையது என்று விசாரித்துப் பதிவு செய்தது. பிரிபடாத காணிகளை ஒருவர் பெயரில் எழுத முடியாதபடியால் ‘இன்னாரின் வாரிசுகள்’ என்றே எழுதினார்கள். அப்படிப்பட்ட காணிகள் தீவில் ஏராளம்.

இதை வெள்ளைக்காரர் ஒருவருக்கு விளங்கப்படுத்த எனக்கு அரை மணித்தியாலம் எடுக்கும். உங்களுக்கு ஒரு சொல் போதும்: முதுசம், பரம்பரையாக வரும் சொத்து. பிரிபடாத பங்கு என்றால் என்ன, ஆறு சகோதரரில் ஒருவர் மட்டும் கையெழுத்து வைத்து விற்ற காணிக்கு என்ன நடக்கும், வெளிநாட்டில் இருந்த மூத்த அக்காவின் மகன் பதினைந்து வருடம் கழித்து வந்து வேலியில் நின்று கேட்டால் எப்படி இருக்கும் என்பதெல்லாம் நாங்கள் வீட்டுத் திண்ணையிலேயே கேட்டு வளர்ந்த கதைகள். ஊரில் அப்படி ஒரு காணியை யாராவது உங்களுக்கு விற்க வந்திருந்தால், ‘மற்றப் பங்காளிகள் எங்கே?’ என்றுதான் முதல் கேட்டிருப்பீர்கள். கடலும் மலையும் தெரியும் இடத்தில் நின்றதால் அந்தக் கேள்வி மறந்துபோயிற்று. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. என்னிடம் வருபவர்களில் பாதிப் பேருக்கு இப்படித்தான் நடக்கிறது.

விற்பவர் உங்களை ஏமாற்ற வந்தவர் என்று நான் சொல்ல வரவில்லை. பாட்டனாரின் காணியைத் தன்னுடையது என்று அவர் மனதார நம்பலாம். அவருடைய பங்கு உண்மையான பங்காகவும் இருக்கலாம். ஆனால் அவரால் தன் பங்கைத்தான் விற்க முடியும். வேலி அடைத்துக் காட்டிய அந்த எட்டுப் பரப்பை அவர் ஒருவராக விற்க முடியாது. பங்கை வாங்கினால் நீங்களும் அந்தக் குடும்பத்தின் பங்காளிகளில் ஒருவர் ஆகிவிடுவீர்கள், அவ்வளவுதான். பிறகு மற்றவர்கள் சம்மதிக்க வேண்டும், இல்லையென்றால் பிரித்துத் தரச் சொல்லி நீதிமன்றம் போக வேண்டும். 58 வயதில், வேறு ஒரு நாட்டில், உங்களுக்கு அது வேண்டாம்.

பதிவேட்டில் வாரிசுகளுக்காக விற்கும் அதிகாரத்தோடு அறங்காவலர்கள் பெயர் சில வேளை போடப்பட்டிருக்கும். நீங்கள் அனுப்பிய பிரதியின் இரண்டாம் பக்கம் சரியாக விழவில்லை. அதில் அப்படி யாரும் இருக்கிறார்களா, இருந்தால் உயிரோடு இருக்கிறார்களா, அவர்கள் கையெழுத்து வைப்பார்களா என்பதை அந்த நாட்டுச் சட்டத்தரணி ஒருவர்தான் பதிவகத்தில் பார்த்துச் சொல்ல வேண்டும்.

அந்தச் சட்டத்தரணி உங்களுடையவராக இருக்க வேண்டும். தரகர் அறிமுகப்படுத்துபவர் வேண்டாம், விற்பவருக்கும் உங்களுக்கும் சேர்த்துப் பார்ப்பவரும் வேண்டாம். நான் ஒன்ராறியோவில் உறுதி எழுதுகிறவன். செயின்ட் லூசியாச் சட்டத்தில் நான் முடிவு சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. இங்கே இருப்பவர்களுக்காக அங்குள்ள சட்டத்தரணிகளோடு சேர்ந்து சில காணி அலுவல்களைப் பார்த்திருக்கிறேன், அந்த அனுபவத்தில்தான் எழுதுகிறேன்.

அந்தத் தீவு பிரெஞ்சுக்காரர் கையிலும் ஆங்கிலேயர் கையிலும் மாறி மாறி இருந்து 1814இல் பிரித்தானியாவுக்குப் போனது. அதனால் அதன் காணிச் சட்டம் பக்கத்துத் தீவுகளைப் போல ஆங்கிலச் சட்டம் மட்டும் அல்ல. 1879இல் கொண்டுவந்த அவர்களுடைய குடியியல் சட்டக் கோவைக்குக் கியூபெக்கின் சட்டக் கோவைதான் பெரிய மாதிரி. ஆகவே அங்கே விற்பனை உறுதி நொத்தாரிசு முன்னால்தான் எழுதப்படும், ஊரில் எங்களுக்குப் பழக்கமான அதே நொத்தாரிசு. பிறகு அது காணிப் பதிவகத்தில், துண்டின் இலக்கத்தில் பதிவாக வேண்டும். உறுதி எழுதிவிட்டோம், பதிவு ஆறுதலாக நடக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

சரி, தரகர் சொன்ன மற்ற மூன்று விஷயங்களுக்கு வருகிறேன்.

கனடாக்காரர் தடையில்லாமல் வாங்கலாம் என்பது பிழை. அந்த நாட்டுக் குடியுரிமை இல்லாதவர் காணி வாங்க அரசின் உரிமம் எடுக்க வேண்டும். கனடியப் பாஸ்போர்ட் இருந்தாலும் நீங்கள் அங்கே அந்நியர்தான். பொலிஸ் நற்சான்று, வங்கிக் கடிதம், காணியை என்ன செய்யப் போகிறீர்கள் என்ற விவரம் எல்லாம் கேட்பார்கள். மாதக்கணக்கில் இழுபடும். உரிமம் இல்லாமல் வாங்கிய காணி அரசுக்குப் பறிபோகும் ஆபத்து உண்டு. ஆகவே எந்த ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்தாலும், உரிமம் கிடைக்காவிட்டால் முற்பணம் முழுவதும் திரும்ப வரும் என்ற வரி அதில் இருக்க வேண்டும். அந்த முற்பணமும் விற்பவர் கைக்கோ தரகர் கைக்கோ போகாமல், உங்கள் சட்டத்தரணி மற்றவர் பணத்தைத் தனியாக வைக்கும் நம்பிக்கைக் கணக்கில் இருக்க வேண்டும்.

கடற்கரை வரை உங்களுடையது என்பதும் பிழை. செயின்ட் லூசியாவில் கடற்கரை பொதுச் சொத்து. அதோடு ‘குயின்ஸ் செயின்’ என்று ஒன்று இருக்கிறது. கடல்நீர் ஏறும் எல்லையிலிருந்து உள்ளே சுமார் 186 அடி அகலத்துக்குத் தீவைச் சுற்றி ஓடும் நிலப்பட்டை அது. பிரெஞ்சு அரசர் காலத்தில் கோட்டை கட்டவும் படை நடமாடவும் ஐம்பது அடிவைப்புத் தூரம் என்று ஒதுக்கிய நிலம், அப்படியே அரசிடம் தங்கிவிட்டது. அதில் குத்தகை எடுக்கலாம், சில இடங்களில் பழைய தனியார் உரிமைகளும் இருக்கின்றன. ஆனால் தரகர் வாயால் சொல்லி அது உங்களுடையது ஆகாது. நில அளவையாளரின் வரைபடத்தில் அந்தக் கோடு எங்கே ஓடுகிறது என்று காட்டச் சொல்லுங்கள். அரை ஏக்கரில் எவ்வளவு மிஞ்சுகிறது என்று அப்போது தெரியும்.

பாஸ்போர்ட் கதை இன்னும் மோசம். முதலீட்டுக்குக் குடியுரிமை கொடுக்கும் கிழக்குக் கரிபியன் நாடுகள் ஐந்து. செயின்ட் லூசியா அதில் ஒன்று. 2024இல் அந்த நாடுகளில் குறைந்தபட்சத் தொகையை 200,000 அமெரிக்க டொலருக்கு உயர்த்தினார்கள். நிலம், கட்டடத்தில் போடுவதென்றால் அதுவும் அரசு முன்கூட்டியே அங்கீகரித்த திட்டங்களில்தான் போடலாம், பெரும்பாலும் விடுதிப் பங்குகள். யாரோ ஒருவரின் பாட்டனார் காணிக்கு அதில் இடமே இல்லை. உங்களிடம் ஏற்கெனவே கனடியப் பாஸ்போர்ட் இருக்கிறது. இதை மனதிலிருந்து எடுத்துவிடுங்கள்.

இனி, காணியின் உரிமை ஒரு நாள் சுத்தமாகிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் அந்த இடத்தை வாங்கலாமா என்பதில் எனக்குத் தயக்கம் இருக்கிறது. காரணம் மலைச்சரிவு.

நீங்கள் மாசியில் போனீர்கள். அங்கே அது வெயில் காலம். வானம் தெளிவாக இருக்கும், பாதை காய்ந்திருக்கும், பிட்டோன் மலைகள் இரண்டும் கடலிலிருந்து எழும்பி நிற்பது எங்கிருந்தும் தெரியும். சூறாவளிக் காலம் ஜூன் முதலாம் திகதி தொடங்கி நவம்பர் கடைசி வரை. 2010 ஒக்டோபர் 30ஆம் திகதி தோமஸ் என்ற சூறாவளி அந்தத் தீவை அடித்தது. காற்றைவிட மழைதான் அழித்தது. சூஃப்ரியருக்கு மேலே உள்ள ஃபோன் சென் ஜாக் பகுதியில் மலைச்சரிவுகள் வீடுகளோடு இறங்கின. தீவின் பெரிய அணைக்கட்டுக்குள் சேறு புகுந்து, குடிநீர் இல்லாமல் சனங்கள் நாட்கணக்கில் தவித்தார்கள். அந்த ஒரு புயலின் சேதம் நாட்டின் ஆண்டு மொத்த உற்பத்தியில் நாற்பது வீதத்துக்கு மேல் என்று மதிப்பிட்டார்கள். 2013 நத்தாருக்கு முதல் நாள் புயல் ஒன்றும் இல்லாமலே வெறும் மழை மட்டும் பெய்து பாலங்களையும் உயிர்களையும் கொண்டுபோனது. சூறாவளிக் காலம் முடிந்து மூன்று கிழமைக்குப் பிறகு!

எரிமலை மண் ஈரம் குடித்தால் கனத்து வழுக்கும். பெரிய மரங்களை வெட்டி, வீட்டுக்கு மட்டம் எடுக்க என்று சரிவைக் குடைந்தால் இன்னும் ஆபத்து. நீங்கள் அனுப்பிய மூன்றாவது படத்தில் காணியின் மேல்புறத்தில் தென்னைகள் சில அடியில் வளைந்து நிற்கின்றன. மண் மெல்ல மெல்லக் கீழே நகரும் இடத்தில் மரம் அப்படி நிற்கலாம். தென்னை வளைய வேறு காரணமும் உண்டு, நான் பொறியியலாளரும் அல்ல. ஆனால் என் காசாக இருந்தால், மண் பரிசோதிக்கிற பொறியியலாளர் ஒருவர் அந்த மரங்களுக்குக் கீழே நின்று பார்க்காமல் வாங்க மாட்டேன். மழைத் தண்ணீர் எந்த வழியால் இறங்குகிறது என்று அயலவரைக் கேட்டாலே பாதி விளங்கிவிடும்.

பிட்டோன் மலைகளைச் சுற்றிய பகுதியை 2004இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. அந்த எல்லைக்குள் கட்டடம் கட்டக் கடுமையான கட்டுப்பாடு உண்டு, சில இடங்களில் கட்டவே முடியாது. உங்கள் துண்டு உள்ளேயா வெளியேயா என்பதைப் படத்தை வைத்து என்னால் சொல்ல முடியவில்லை. வாங்குவதற்கு முன் அங்குள்ள அபிவிருத்திக் கட்டுப்பாட்டு அதிகாரசபையிடம் எழுத்தில் கேட்க வேண்டும். காணிக்குப் போகும் மண்பாதை யாருடையது என்பதையும் அப்போதே கேளுங்கள். அது இன்னொரு குடும்பக் காணிக்குள்ளால் போனால், பாதை உரிமை பதிவாகி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒழுங்கைச் சண்டை எப்படிப்பட்டது என்று யாழ்ப்பாணத்தாருக்கு நான் சொல்லத் தேவையில்லை.

காப்புறுதி பற்றி நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். 2017இல் இர்மா என்ற சூறாவளி பார்புடாத் தீவையும் மரியா என்ற சூறாவளி டொமினிக்காத் தீவையும் அழித்தன. 2024 ஜூலை முதலாம் திகதி பெரில் என்ற சூறாவளி செயின்ட் லூசியாவுக்குத் தெற்கே கரியாக்கூ தீவில் கரையேறி, அரை நாளுக்குள் அங்கே கூரையோடு இருந்த வீடுகளை எண்ணிவிடலாம் என்ற நிலைக்குக் கொண்டுவந்தது. இப்படி ஒவ்வொன்றுக்கும் பிறகு காப்புறுதிக் கட்டணம் ஏறுகிறது. சூறாவளிச் சேதத்துக்கு, காப்புறுதி செய்த மொத்தத் தொகையில் இத்தனை வீதம் முதலில் நீங்கள் ஏற்க வேண்டும் என்று இருக்கும். சேதத்தில் அல்ல, மொத்தத் தொகையில். இரண்டு வீதம் வழக்கம். 300,000 டொலர் வீடு என்றால் முதல் 6,000 உங்கள் கையிலிருந்துதான். செலவு மிச்சம் என்று வீட்டின் பெறுமதியைக் குறைத்துக் காப்புறுதி எடுத்தால், சின்னச் சேதத்துக்குக்கூட அந்த விகிதத்தில் குறைத்துத்தான் தருவார்கள். பலர் இதைக் கூரை போன பிறகுதான் அறிகிறார்கள்.

வீட்டின் பேரில் கடன் எடுப்பதற்கு என் பதில், வேண்டாம். வெறும் காணி வருமானம் தராது. கட்டுமானப் பொருள் பெரும்பாலும் கப்பலில் வருகிறது, வரியும் உண்டு, ஆகவே வீடு கட்டும் செலவு ஸ்காபரோவில் நினைப்பதைவிடக் குறைவாக இருக்கும் என்று எண்ணாதீர்கள். கடனின் வட்டி மாறும் வட்டி. காணியின் விலை அமெரிக்க டொலரில், உங்கள் ஓய்வூதியம் கனடிய டொலரில். இவ்வளவுக்கும் ஈடாக நீங்கள் இப்போது குடியிருக்கும் கூரையை வைக்கிறீர்கள். சேமிப்பில் இருந்து, போனாலும் வாழ்வு குலையாத பணத்தில் வாங்குவதென்றால் வாங்கலாம்.

வாங்கும்போது முத்திரைக் கட்டணம் இரண்டு வீதம், சட்டச் செலவு தனி. வீடு கட்டிய பிறகு ஆண்டு வரி குறைவு, குடியிருக்கும் வீட்டுக்குச் சந்தைப் பெறுமதியில் கால் வீதம். தரகர்கள் இதைத்தான் விளம்பரத்தில் போடுவார்கள். விற்கும்போது என்ன என்று போட மாட்டார்கள். அங்கே வசிக்காத ஒருவர் விற்றால் விற்பனை விலையில் பத்து வீதம் வரி. இலாபத்தில் அல்ல, விலையில். நட்டத்துக்கு விற்றாலும் அதுதான். நாளைக்கு உங்களில் ஒருவருக்குச் சுகமில்லாமல் போய்த் திரும்பி வர வேண்டியிருந்தால், அவசரத்தில் இந்தப் பத்து வீதத்தையும் எண்ணிக்கொள்ள வேண்டும்.

கனடாப் பக்கத்திலும் கணக்கு இருக்கிறது. வெளிநாட்டுச் சொத்துக்குப் போட்ட மொத்தப் பணம் 100,000 கனடிய டொலருக்கு மேல் போனால் ரி1135 என்ற படிவம் நிரப்ப வேண்டும். உங்கள் சொந்தப் பாவனைக்கு மட்டும் வைத்திருக்கும் விடுமுறை வீடு அதில் சேராது. ஆனால் குளிர்காலத்தில் நாங்கள், மற்ற மாதங்களில் உல்லாசப் பயணிகளுக்கு வாடகை என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வாடகை வந்தால் கதை மாறும். வாடகை வருமானத்தை இங்கேயும் காட்ட வேண்டும்.

இதைவிட முக்கியம் மருத்துவம். ஒன்ராறியோ அரசின் மருத்துவக் காப்பான ஓஹிப் தொடர வேண்டுமென்றால் எந்தப் பன்னிரண்டு மாதத்திலும் குறைந்தது 153 நாள் ஒன்ராறியோவில் இருக்க வேண்டும். முதியோர் ஓய்வூதியத்தில் உங்கள் இருவருக்கும் பிரச்சினை இல்லை. பதினெட்டு வயதுக்குப் பிறகு இருபது வருடம் கனடாவில் இருந்தவர்களுக்கு அது வெளிநாட்டிலும் வரும். குறைந்த வருமானத்துக்கான மேலதிகக் கொடுப்பனவு மட்டும் ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் நின்றுவிடும். உங்கள் கணவருக்கு இருதயத்தில் ஸ்டென்ற் வைத்திருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் பார்த்த காணியிலிருந்து பெரிய வைத்தியசாலை உள்ள காஸ்ட்ரீஸுக்கு வளைந்து வளைந்து மலைப்பாதையில்தான் போக வேண்டும். தோமஸ் அடித்தபோது அந்தப் பாதைகளும் உடைந்து கிடந்தன. நீங்கள் தாதியாக வேலை செய்தவர், இதை என்னைவிட நன்றாக நீங்களே யோசிக்க முடியும்.

இவ்வளவும் எழுதியதால் ஆசையை விட்டுவிடுங்கள் என்று சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். உங்கள் கடிதத்தில் ‘மழை வாசம் ஊர் மாதிரியே இருந்தது’ என்ற வரியை நான் இரண்டு தரம் வாசித்தேன். முப்பது வருடக் குளிருக்குப் பிறகு முருங்கை வளரும் மண்ணில் நாலு மாதம் இருக்க ஆசைப்படுவது நியாயமான ஆசை. அதற்கு நான் சொல்லும் வழி வேறு.

இந்த வருடம் செப்டம்பர் முதல் நவம்பர் வரை அங்கே ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து இருங்கள். சூறாவளிக் காலம் என்பதால் வாடகையும் குறைவாக இருக்கும். திரும்பி வர விமானச் சீட்டை மாற்றக்கூடியதாக வாங்குங்கள், பயணக் காப்புறுதியும் எடுங்கள், எச்சரிக்கை வந்தால் யோசிக்காமல் புறப்படுங்கள். மழையில் அந்த மலைப்பாதையில் வாகனம் ஓடிப் பாருங்கள். ஊரைப் போல அங்கேயும் வாகனம் இடப்பக்கம்தான், மின்சாரமும் 240 வோல்ட்தான், அதனால் கனடாவிலிருந்து மிக்ஸி கொண்டுபோக வேண்டாம். குழாயில் தண்ணீர் வராத நாள் எத்தனை, தொட்டியில் எவ்வளவு பிடிக்க வேண்டும் என்று பாருங்கள். கிழக்குக் கரைப் பக்கம் போனால் 2011க்குப் பிறகு கரை ஒதுங்கத் தொடங்கிய சர்காசம் என்ற கடற்பாசி அழுகும் மணத்தோடு வாழ முடியுமா என்பதும் தெரியும். சந்தையில் உள்ளூர்க் கிரியோல் மொழி பேசும் பெண்களிடம் நாலு சொல் பழகிக்கொள்ளுங்கள். எந்தக் காணியில் யாருக்குப் பங்கு என்பது தரகரைவிட அவர்களுக்குத்தான் தெரியும்.

அதற்குப் பிறகும் ஆசை இருந்தால், வெறும் மலைச்சரிவை விட்டுவிட்டு, தோமஸுக்கு முன்னால் கட்டி அதற்குப் பிறகும் நிற்கும் சிறிய வீடு ஒன்றைப் பாருங்கள். ஒருவர் அல்லது தம்பதி பெயரில் முழு உரிமையாகப் பதிவான வீடாக இருக்க வேண்டும். கூரை நாலு பக்கமும் சரிந்து, கைமரங்கள் சுவரோடு இரும்புப் பட்டியால் கட்டப்பட்டிருந்தால் நல்லது. தாழ்வாரம் பெரிதாக நீட்டிக்கொண்டிருந்தால் காற்று அதைத்தான் முதலில் தூக்கும். வாங்கினால் அந்த நாட்டிலேயே ஓர் உயில் எழுதி வையுங்கள். எழுதாமல் விட்டால் உங்கள் இரண்டு பிள்ளைகளும் நாளைக்கு அதே பதிவேட்டில் ‘இன்னாரின் வாரிசுகள்’ ஆகிவிடுவார்கள்.

இப்போது தரகருக்கு என்ன எழுதுவது? கோபமாக ஒன்றும் வேண்டாம். ‘எங்கள் சட்டத்தரணி பதிவேட்டைப் பார்த்து, எல்லா வாரிசுகளின் நிலையையும் எழுத்தில் தந்த பிறகுதான் பேசுவோம்’ என்று இரண்டு வரி எழுதுங்கள். வேறு ஆள் வாங்கிவிடுவார் என்று சொன்னால், வாங்கட்டும் என்று விடுங்கள். பதிவேட்டுப் பிரதியின் இரண்டாம் பக்கத்தைத் தெளிவாகப் படம் எடுத்து எனக்கு அனுப்பினால், அங்கே எந்தக் கேள்வியோடு சட்டத்தரணியிடம் போக வேண்டும் என்று எழுதித் தருகிறேன்.

இன்னும் ஒன்று. நீங்கள் அனுப்பிய ஐந்தாவது படத்தில், காணியின் கீழ் மூலையில், ஈரப்பலா மரத்துக்குப் பின்னால் ஒரு சின்னப் பலகை வீடு தெரிகிறது. கொடியில் உடுப்பு காய்கிறது. வாசலில் வயதான அம்மா ஒருவர் இருக்கிறார். வெறும் காணி என்று உங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். அந்த அம்மா யார், எவ்வளவு காலமாக அங்கே இருக்கிறார் என்று விற்பவரிடம் கேட்டீர்களா?

அன்புடன்,
உங்கள் சட்ட ஆலோசகர்